சைடர் மசாலா: கடைப் பொட்டலமா, பொடியா, முழுசா, பாகா?

செப்டம்பர் வந்தால் அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம் ஆப்பிள் தோட்டங்களில் சைடர் பிழிய ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே சைடர் என்றால் வடிகட்டாத, கலங்கலான, பழுப்பு நிற ஆப்பிள் சாறுதான், போதை கிடையாது (இங்கிலாந்தில் போய் அதே பெயரைச் சொன்னால் மதுவைத்தான் ஊற்றிக் கொடுப்பார்கள்). அதில் பட்டை கிராம்பு போட்டுச் சூடாக்கிக் குடிப்பது குளிர் தொடங்கும்போது இந்த ஊர் வழக்கம். ஏறக்குறைய அதே மசாலாவைச் சிவப்பு ஒயினில் போட்டால் ஜெர்மனிக்காரர்களின் க்ளூவைன், ஏலக்காயைத் தூக்கலாகப் போட்டு உலர்திராட்சையும் தோலுரித்த பாதாமும் சேர்த்தால் சுவீடனின் க்ளோக். இதற்கான மசாலாவை மல்லிங் ஸ்பைஸ் என்ற பெயரில் சின்ன டப்பாக்களில் விற்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் முக்கால்வாசி நம் பிரியாணி சாமான். இதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான்.

வாங்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் செய்வதிலும் மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல.

முதலில் பொடி. மசாலா என்றாலே நமக்கு வறுத்து அரைக்கத்தான் கை போகும். சுக்கு மல்லிக் காபிக்கு அது சரி, கருப்பட்டியும் சேர்ந்து கொதித்தபிறகு தெளிய வைத்துக் குடிப்போம், அடியில் நிற்கும் வண்டலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சைடரில் இந்தக் கணக்கு எடுபடாது. பட்டைத்தூள் சூட்டில் தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழவென்று ஆகும், டீ வடிகட்டி அதைப் பிடிக்காது, ஒவ்வொரு வாயிலும் நறநறக்கும். கிராம்புத்தூள் இன்னும் மோசம், போட்ட இரண்டு நிமிடத்தில் இருக்கிற காரத்தையெல்லாம் இறக்கிவிடும், பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. போதாக்குறைக்கு அரைத்த மசாலாவின் வாசனை ஆறு மாதத்துக்குள் பாதி போய்விடும். ஒரே ஒரு கோப்பைக்கு அவசரமாக வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் பொடிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். வறுப்பதும் வேண்டாம். மெதுவாகச் சூடேறும் சாறே வாசனையை இழுத்துக்கொள்ளும், வறுத்தால் சைடருக்குள் குருமா வாடை வரும்.

கடைப் பொட்டலத்தில் இரண்டு ரகம். டீ பை மாதிரி வருவதில் மசாலாவை ரவை அளவுக்கு உடைத்திருப்பார்கள், ஆரஞ்சு வாசனைக்கு எண்ணெய் தெளித்திருப்பார்கள், ஆபீஸில் வெந்நீர் மெஷினை நம்பி இருப்பவருக்கு அது போதும். டப்பாவில் வரும் இன்னொன்றை வாங்குவதற்கு முன் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது இங்கே சட்டம், சிலவற்றில் முதல் பெயரே சர்க்கரை. ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் சாற்றுக்கு மசாலா விலையில் சர்க்கரை வாங்குகிறோம்.

வீட்டில் செய்வதில் அடுத்தது பாகு. சமமாகச் சர்க்கரையும் தண்ணீரும் வைத்து, மசாலாவைப் போட்டுக் கால் மணி நேரம் சிறு தீயில் விட்டு, வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். கட்டன் சாயாவில் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள், பிரமாதம். காபிக்கும் ஒத்துப்போகும். சைடருக்கு மட்டும் வேண்டாம், திகட்டிவிடும். ஒயினுக்கு வரும்போது பாகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆக, சைடருக்கு முழு மசாலாதான். ஆனால் முழுசாக அப்படியே இல்லை, உடைத்து. பட்டையை ஒரு கெட்டியான பையில் போட்டு சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டு தட்டினால் விரல் நக அளவுச் சில்லுகளாக வரும், ஜாதிக்காயை உரலில் வைத்து ஒரு குத்து, மிளகு நசுங்கினால் போதும். கிராம்பையும் அன்னாசிப்பூவையும் தொடவே வேண்டாம். உடைத்த மசாலா மெதுவாக இறங்கும், நடுவில் ருசி பார்த்துப் போதும் என்றால் துணி முடிச்சைத் தூக்கிவிடலாம். இப்படி நிறுத்திக்கொள்ளும் வசதி பொடியில் கிடையாது. முழு மசாலா பாட்டிலில் இரண்டு வருடம்கூடத் தாங்கும்.

இனி பட்டை. எனக்குச் சண்டை போடப் பிடித்த இடம் இதுதான். இலங்கைக் கறுவாப்பட்டை, நம் கடைகளில் சுருள்பட்டை என்று கேட்டால் கிடைப்பது, காகிதம் மாதிரி மெல்லிய பல அடுக்குகளைச் சுருட்டியிருக்கும், விரலால் நெருக்கினாலே நொறுங்கும். மற்றது காசியா, சீனா, இந்தோனேசியா, வியட்நாமிலிருந்து வருவது, ஒரே தடித்த பட்டை, உடைக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் சும்மா சினமன் என்று இருப்பதும், ஊரில் மளிகைக் கடையில் சாதாரணமாகக் கட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் காசியாதான். இணையத்தில் எல்லோரும் இலங்கைப் பட்டைதான் அசல், மற்றது போலி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். குடித்துப் பார்த்தால் அப்படி இல்லை. சைடரின் புளிப்பும் இனிப்பும் கிராம்பும் சேர்ந்து நிற்கும்போது இலங்கைப் பட்டையின் மென்மையான வாசனை காணாமல் போய்விடுகிறது, காசியாவின் சுருக்கென்ற காரம்தான் எதிர்த்து நிற்கிறது. ஒயினில் தலைகீழ்: ஒயினிலேயே துவர்ப்பு இருக்கிறது, அதில் காசியாவும் சேர்ந்தால் நாக்கு காய்ந்துபோகும், அங்கே இலங்கைப் பட்டை ஜெயிக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் காசியாவுக்குத் தடை போட வேண்டும். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். இலங்கைப் பட்டையில் கூமரின் பெயருக்குத்தான் இருக்கும். வாரக் கடைசியில் நண்பர்கள் வரும்போது ஒரு பானை போடுபவருக்கு இது பிரச்சினையே இல்லை. குளிர்காலம் முழுக்க தினமும் குடிக்கிறவர்கள், குழந்தைகளுக்கும் கொடுக்கிறவர்கள் பேசாமல் சுருள்பட்டைக்கு மாறி, அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கிராம்பில் கை அடங்க வேண்டும். பல் வலிக்குக் கிராம்பு வைப்போமே, அந்த மரத்துப்போகும் குணத்துக்குக் காரணமான யூஜினால்தான் இங்கேயும் வேலை செய்கிறது. இரண்டு லிட்டருக்கு ஆறேழு போதும். ஜமைக்காவின் ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி உருண்டையான உலர்ந்த காய்) சேர்ப்பதாக இருந்தால் இன்னும் குறையுங்கள், அதிலும் அதே யூஜினால்தான். ஆல்ஸ்பைஸ் கிடைக்கவில்லை என்றால் மிளகு போடுங்கள், தப்பே இல்லை. ரோமானியர்களே ஒயினில் தேனும் மிளகும் போட்டுத்தான் குடித்தார்கள், முசிறியில் பொன்னைக் கொட்டி மிளகு ஏற்றிப் போன கூட்டமாயிற்றே.

ஆரஞ்சுத் தோலில்தான் வீட்டுக் கலவை கடைச் சரக்கை முந்துகிறது. பீலரால் மேல் நிறத்தை மட்டும் சீவுங்கள், அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து உலர்த்தினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டக்கென்று ஒடிய வேண்டும். ஈரத்தோடு பாட்டிலில் போட்டால் மொத்த மசாலாவும் பூசணம் பிடித்துவிடும்.

பாட்டிலுக்கு என் அளவு இது: பட்டை 60 கிராம், கிராம்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகும் ஆல்ஸ்பைஸும் தலா ஒரு மேசைக்கரண்டி, அன்னாசிப்பூ பத்து, ஜாதிக்காய் ஒன்று, மூன்று ஆரஞ்சின் தோல். இதில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து மெல்லிய துணியில் முடிந்து இரண்டு லிட்டர் சைடரில் போட்டு, கொதிக்க விடாமல் ஆவி மட்டும் பறக்கும் சூட்டில் அரை மணி நேரம். இஞ்சி வேண்டுமென்றால் பச்சையாக இரண்டு வில்லை அப்போதே நறுக்கிப் போடுவது நல்லது, சுக்கு போட்டால் காரம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒயினுக்கு இந்த அரை மணி நேரக் கணக்கு ஒத்துவராது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், மூடாத பாத்திரத்தில் ஒயினைக் கொதிக்க விட்டால் போதையும் போகும், பழ வாசனையும் போகும், கடைசியில் மிஞ்சுவது புளித்த கஷாயம். அதனால்தான் இங்கே பாகு. ஒரு கோப்பை ஒயினை மட்டும் எடுத்து அதில் சர்க்கரையும் மசாலாவும் போட்டுப் பாகாகக் காய்ச்சி, மீதி பாட்டிலை அதன் மேல் ஊற்றிச் சூடு ஏறியதும் அடுப்பை அணைத்துவிடலாம். விலை உயர்ந்த ஒயின் தேவையில்லை, மரப் பீப்பாய் வாசனை தூக்கலாக இல்லாத சாதாரணச் சிவப்பு போதும்.

குடித்து முடித்த முடிச்சைக் காயவைத்து மறுபடி போடலாமா என்றால், போடலாம், ஆனால் இரண்டாம் தடவை பட்டை ஓய்ந்து கிராம்பு மட்டும்தான் பேசும்.