நான்கு ஆண்டு வாரண்டியும் ஒன்பது நாள் வெயிலும்

டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வட கரோலினாவுக்குக் குடிபெயரப் போகும் நண்பர், "வீட்டு வாரண்டி எடுக்கலாமா?" என்று போன வாரம் கேட்டார். அரை மணி நேரம் பேசியும் ஒழுங்காகப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே எழுதுகிறேன். வீட்டு வாரண்டி என்பது, ஆண்டுச் சந்தா கட்டினால் ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்றவை பழுதாகும்போது நிறுவனமே ஆள் அனுப்பிச் சரிசெய்து தரும் ஒப்பந்தம்.

என் வீடு பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில். நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஓடிப்போய்ப் பார்க்க முடியாத தூரம் என்பதற்காகவே நான்கு ஆண்டுகளுக்கு முன் வாரண்டி எடுத்தேன். ஆண்டுக்கு 720 டாலர். ஆள் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் 100 டாலர். இவ்விரண்டையும் வரிக் கணக்கின் ஷெட்யூல் ஈ படிவத்தில் வாடகைச் செலவாகக் காட்டலாம். முதல் ஆண்டு அதை நானே தவறவிட்டேன்.

பணத்தை மட்டும் பார்த்தால் எனக்கு நஷ்டமில்லை. சந்தாவும் ஐந்து அழைப்புகளுமாக இதுவரை 3,380 டாலர் கட்டியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு டிசம்பரில் வாட்டர் ஹீட்டரின் அடியில் ஒழுக ஆரம்பித்தது. புதன் காலை புகார் கொடுத்தேன். வெள்ளி மாலை புதிய ஹீட்டர் வந்துவிட்டது. வெளியே கேட்டபோது 1,900 டாலர் சொன்னார்கள். பெர்மிட்டுக்கும் நகராட்சி விதிப்படி சேர்க்க வேண்டியிருந்த சாமான்களுக்கும் 350 டாலர் என் கையிலிருந்து போனது. அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் குறை சொல்ல மாட்டேன். வந்த பிளம்பர், அவசரத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று குடியிருப்பவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

சென்ற ஜூலையில்தான் வயிறு எரிந்தது. ஏசியின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. வெளியே 104 டிகிரி ஃபாரன்ஹீட். வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அன்று மாலையே வரத் தயாராக இருந்தார். வெளியாள் கை வைத்தால் ஒரு டாலர்கூடத் தர முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அவர்களுடைய ஆள் வர மூன்று நாள் ஆனது. வந்தவர் காயிலில் அழுக்கு, பராமரிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒவ்வோர் ஏப்ரலிலும் சர்வீஸ் செய்த ரசீதுகள் என்னிடம் இருந்தன. அனுப்பினேன். அவற்றைப் படித்துப் பார்க்க அவர்களுக்கு இரண்டு நாள். பிறகு உதிரிபாகம் வர நான்கு நாள். ஒன்பதாம் நாள்தான் வீடு குளிர்ந்தது.

டெக்சஸ் சட்டப்படி, உடல்நலத்தைப் பாதிக்கும் பழுதை வீட்டுச் சொந்தக்காரர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய முயல வேண்டும்; பொதுவாக ஏழு நாள் நியாயமானது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு என்னுடையது. வாரண்டி நிறுவனத்தின் ஒப்பந்தம் என்னோடு மட்டுமே. வெயிலில் வேகும் குடும்பத்துக்கு அது எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாலையும் "நாளைக்கு வந்துவிடுவார்கள்" என்று அந்தத் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மூன்றாம் நாள் 300 டாலருக்கு ஒரு ஜன்னல் ஏசி வாங்கி அனுப்பினேன். முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும்.

கம்ப்ரசர் வேலைக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்ட தொகை 2,600 டாலர். ஆக, கூட்டிக் கழித்தால் லாபம் எனக்குத்தான். ஆனாலும் இந்த ஆண்டு புதுப்பிக்கவில்லை.

நண்பர் எடுப்பதாக இருந்தால், நமக்குப் பிடித்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு பிறகு பணம் வாங்க வழி உண்டா என்று முதலில் கேட்கட்டும். சர்வீஸ் ரசீது ஒன்றைக்கூடத் தூக்கி எறிய வேண்டாம்.

நான் இப்போது மாதம் 150 டாலரைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். மெக்கானிக்கின் எண்ணைக் குடியிருப்பவர்களிடமே கொடுத்துவிட்டேன். 400 டாலர் வரையிலான வேலையை என்னைக் கேட்காமலே தொடங்கலாம் என்று இரு தரப்பிடமும் சொல்லியிருக்கிறேன்.