படுத்துச் சுட்டால் மூன்று, நின்று சுட்டால் ஒன்று

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை.

பயத்லான் என்பது பனியில் சறுக்கி ஓடி, நடுநடுவே நின்று துப்பாக்கி சுடும் பந்தயம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் அதற்கான மைதானம் இருக்கும் ஊர்களில் பொதுமக்களுக்கு அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள். நான் போனது மூன்று மணி நேர வகுப்பு, 109 யூரோ. பனிச்சறுக்குக் கட்டை, காலணி, துப்பாக்கி, தோட்டா எல்லாம் அதற்குள் அடக்கம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சின்ன இடம், நல்ல மனிதர்கள், இரண்டு மூன்று குறைக்காக அவர்கள் பிழைப்பில் கை வைக்க மனம் வரவில்லை.

நான் மியூனிக்கில் செவிலியர். இந்த விளையாட்டை எனக்குப் பிடிக்க வைத்தது கீழ்வீட்டுப் பாட்டி. கார்மிஷ்-பார்டன்கிர்ஹன் பக்கம் பிறந்தவர், வயது 81. டிசம்பர் பிறந்தால் வார இறுதிகளில் அவர் வீட்டு டிவியில் பயத்லான்தான். அதே ஊர்க்காரரான பயத்லான் வீராங்கனை லாரா டால்மையர் அவருக்குச் சொந்தப் பேத்தி மாதிரி. "நம்ம லாரா" என்றுதான் சொல்வார். 2017இல் ஆஸ்திரியாவின் ஹோக்ஃபில்சனில் நடந்த உலகப் போட்டியில் லாரா ஆறு பந்தயம் ஓடி ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் பாட்டி எனக்கு எத்தனை முறை கேக் கொடுத்தார் என்று கணக்கில்லை. என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு இந்த வகுப்புக்கான கூப்பனை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் சறுக்கல். எனக்குக் கட்டையில் நிற்கவே தெரியாது, நான்கு முறை விழுந்தேன். அதை விரிவாக எழுத ஒன்றுமில்லை. காலணி முந்தைய குழுவினரின் வியர்வையில் ஈரமாக இருந்தது. கால் மதிப்பெண் அங்கே போனது.

துப்பாக்கி வந்த பிறகுதான் விஷயமே. சொல்லிக் கொடுத்தவர் பழைய போட்டியாளர், குரலை உயர்த்தாத மனிதர். ஐம்பது மீட்டர் தள்ளி ஐந்து கறுப்பு வட்டங்கள். தோட்டா பட்டால் வெள்ளையாகிவிடும். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டருக்குள் பட வேண்டும், அதாவது ஓர் எலுமிச்சம்பழம். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், காபி டபரா அளவு. டபரா பெரிசுதானே என்று நினைத்தேன். போட்டியில் முதுகில் சுமக்கும் துப்பாக்கி குறைந்தது மூன்றரை கிலோ இருக்க வேண்டுமாம். எங்களைச் சுமக்க விடவில்லை, பாயிலேயே வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தேன். வார்டில் தினம் கையில் வாங்கும் கொழுகொழு குழந்தையின் எடைதான். ஆனால் குழந்தையை யாரும் மூச்சிரைக்க மலையேறிவிட்டு வந்து அசையாமல் நீட்டிப் பிடிப்பதில்லை.

படுக்கும்போது மேல்கையில் ஒரு பட்டையை இறுக்கி அதைத் துப்பாக்கியோடு மாட்டுகிறார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். நாங்கள் இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை கட்டும் அதே இடம்! மேல்கைத் தமனி துடிப்பது அப்படியே துப்பாக்கிக்குப் போகிறது. குறி பார்க்கும் சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கறுப்பு வட்டம் என் நாடிக்கு ஏற்பக் குதிக்கிறது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் இருக்கும் இடைவெளியில் விசையை அழுத்த வேண்டும். அடக்கி வைத்துக்கொண்டே இருந்தால் கண் மங்கும். படுத்து ஐந்துக்கு மூன்று விழுந்தது. நின்று ஒன்று, அதுவும் எந்த வட்டத்தைக் குறி வைத்தேனோ அது இல்லை, பக்கத்து வட்டம்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் லாரா ஸ்பிரிண்ட் என்ற குறுகிய தூரப் பந்தயத்தில் பத்துக்குப் பத்து சுட்டு 24.2 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து பர்ஸ்யூட் என்ற துரத்தல் பந்தயத்திலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் வென்ற முதல் பெண் அவர். டிவியில் பார்த்தபோது "நல்லா சுட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனவள் நான். பாயில் படுத்த பிறகுதான் அந்தப் பத்து என்னவென்று வயிற்றில் இறங்கியது.

இனி பெரிய புகார். பன்னிரண்டு பேருக்கு நான்கு துப்பாக்கி, ஒரே பயிற்சியாளர். ஓடி வந்து சேரும்போது என் கைக்கடிகாரம் நாடி 171 என்றது. வரிசையில் நின்று என் முறை வரும்போது 112. அப்புறம் இது என்ன பயத்லான்? வெறும் துப்பாக்கி சுடுதல். இரைக்க இரைக்க வந்து உடனே படுப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். கடைசியில் நடந்த நால்வர் தொடர் ஓட்டத்தில்தான் அது ஒரு தடவை கிடைத்தது. தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தண்டனைச் சுற்று. உண்மைப் போட்டியில் 150 மீட்டர், எங்களுக்கு ஐம்பது போலச் சுருக்கியிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காக முழுக் காசையும் கொடுக்கலாம். ஆனால் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. இதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. மிச்சக் கால் மதிப்பெண் காபிக்கு. அது காபியே இல்லை.

இடைவேளையில் பேச்சு லாராவைப் பற்றித்தான் போனது. 2019இல், 25 வயதில், ஏழு உலகப் பட்டங்களோடு அவர் நிறுத்தியபோது பாட்டிக்குக் கோபம். "இன்னும் பத்து வருஷம் ஓடலாமே!" ஆனால் லாராவுக்கு மலைதான் வேண்டியிருந்தது. மலை வழிகாட்டிக்கான அரசுச் சான்றிதழ் வாங்கினார். குளிர்காலத்தில் டிவியில் பயத்லான் விமர்சனமும் செய்தார். 2025 ஜூலை 28 அன்று பாகிஸ்தானின் காரகோரம் மலையில், லைலா சிகரத்தில் பாறை சரிந்து இறந்தார். வயது 31. தனக்கு ஏதாவது ஆனால் உடலை மீட்க யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்று முன்பே எழுதி வைத்திருந்தார். அப்படியே மலையில் விட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் இதைச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். வரிசையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: காலை வகுப்பை எடுங்கள், மதியம் பனி கஞ்சியாகிவிடுகிறது. இரண்டு ஜோடி காலுறை, மெல்லிய கையுறை சொந்தமாகக் கொண்டு போங்கள். தடித்த கையுறையோடு விசையைத் தொட முடியாது. எத்தனை பேர் குழுவில் என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் ஒன்று தருகிறார்கள், படுத்து மூன்று, நின்று ஒன்று என்று பேனாவில் எழுதி. பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நிற்கும்போது முழங்காலைப் பூட்டிக்கொண்டாயா?" என்று கேட்டார். ஆமாம், பூட்டிக்கொண்டுதான் நின்றேன்.