கல்லா, குண்டா? அயர்லாந்து கிராமங்களின் இரண்டு பலப்பரீட்சைகள்

அயர்லாந்து கிராமங்களில் பலசாலி என்று பெயர் வாங்க இரண்டு பழைய வழிகள் உண்டு: கல் தூக்குவது, சாலையில் இரும்புக் குண்டு எறிவது.

கல் விஷயம் சில நொடிகளில் முடிந்துவிடும். அரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோரில் சுமார் 171 கிலோ கிரானைட் கல் ஒன்று கிடக்கிறது. அது தரையை விட்டு எழும்பினாலே பெரிய பெயர்தான். இப்படி மறந்துபோன கற்களைத் தேடிப்போய்த் தூக்கி, அவற்றை மறுபடி ஊர்ப்பேச்சாக்கியவர் வாட்டர்ஃபோர்டுக்காரர் டேவிட் கியோஹன்.

குண்டு எறிதல் கார்க், அர்மா பகுதிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. குண்டு சுமார் 800 கிராம். வளைந்து போகும் கிராமத்துச் சாலையைக் குறைந்த வீச்சுகளில் கடப்பவர் ஜெயிப்பார். குண்டு எங்கே விழ வேண்டும் என்று காட்ட, சாலையில் ஒரு பிடி புல்லைப் போட்டு வைப்பார்கள். எறிகிறவரின் கண் அந்தப் புல்லிலேயே இருக்கும். 1955இல் கார்க் வீரர் மிக் பாரி, சுமார் 30 மீட்டர் உயரமுள்ள செட்விண்ட் ரயில் பாலத்துக்கு மேலாகவே குண்டை எறிந்து அனுப்பினார். அதற்கு எடை குறைந்த குண்டு, சரி, ஆனாலும் அசாத்தியம்!

தனி ஆளின் முரட்டு பலத்துக்குக் கல்தான். என் ஓட்டு குண்டுக்கு: அதில் பலத்தோடு குறியும் வேண்டும், ஊரே வீரர் கூடவே நடந்து வரும்.