8 மெகாபிக்சல் மெட்டல் புல்லட் கேமரா: வெயிலைத் தாங்குமா?

நாள் முழுக்க வெயில் விழும் வெளிச்சுவருக்கு மெட்டல் பாடி 8 மெகாபிக்சல் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வரும்) புல்லட் கேமரா (குழாய் வடிவக் கேமரா) வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பெட்டியிலிருந்து எடுத்த செட்டிங்கோடு அப்படியே மாட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இதன் பலமே அந்த அலுமினிய உடம்புதான். பிராசஸர் சிப்பின் சூடு தெர்மல் பேட் வழியாக உடம்புக்கு வந்து காற்றோடு போய்விடும். அதனால் தொட்டால் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம். சூடு வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம். பிளாஸ்டிக் பாடி கைக்கு இதமாக இருக்கும், உள்ளே சிப் வெந்துகொண்டிருக்கும். டோம் வகையிலோ மேலே மூடியிருக்கும் கண்ணாடிபோன்ற குமிழே வெயிலை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

டேட்டாஷீட்டில் "60 டிகிரி வரை" என்று இருப்பது கேமராவைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம். வெயில் காய்ந்த தகரத்தையும் கான்கிரீட்டையும் ஒட்டிய காற்று, வானிலை அறிக்கையில் சொல்லும் அளவைவிட நன்றாகவே சூடாக இருக்கும். கூட வரும் ஹூட்டை (வெயில் மறைப்பை) தேவையில்லை என்று கழற்றிப் போடுவது பெரிய தவறு. ஹூட்டுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள சந்தில் காற்று ஓட வேண்டும். அதில் சிலிக்கான் பூசி அடைக்கக் கூடாது. ஹூட்டை லென்ஸைத் தாண்டி அதிகம் முன்னே இழுத்தாலும் ஐஆர் (இரவில் படமெடுக்க உதவும் இன்ஃப்ராரெட்) வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இரவுப் படம் வெள்ளையாகப் புகைந்துவிடும்.

கேமரா அடிக்கடி ரீபூட் ஆகிறதா? முதலில் லாகை (கேமராவின் நிகழ்வுப் பதிவை) திறந்து, ரீபூட் ஆன நேரத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் தொடங்கி மாலையில் தானாகச் சரியானால் வெப்பம்தான். இருட்டி ஐஆர் எரிந்த அதே நொடியில் ரீபூட் ஆனால் மின்சாரம் போதவில்லை. ஐஆர் எரிந்து ஒரு மணி நேரம் கழித்து ரீபூட் ஆனால் மறுபடியும் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். இதைப் பார்க்காமல் கேமராவையே மாற்றுவது வீண் செலவு.

மின்சாரக் கோளாறென்றால், 802.3ஏஎஃப் (ஒரு பிஓஇ தரநிலை) போர்ட் 15.4 வாட் தரும், கேபிள் இழப்பு போகக் கேமராவுக்கு 12.95 வாட்தான் உறுதி. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் மின்தடை அதிகம், இழப்பும் அதிகம். 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டுபவர்கள், இரவில் ஐஆர் எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 10.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் அடாப்டரையோ கேபிளையோ மாற்றுங்கள். வோல்டேஜ் குறையக் குறைய கேமரா கூடுதல் ஆம்பியர் இழுக்கும், கனெக்டரும் சூடேறும்.

வெப்பம்தான் என்றால் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 25-லிருந்து 15-க்கு இறக்குங்கள். தேவையில்லாத அனலிட்டிக்ஸை (ஆள், வண்டி என்று படத்தை அலசும் வேலையை) நிறுத்துங்கள். ஐஆரைப் பாதியாக்குங்கள், சின்ன வாசலுக்கு அது தாராளம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அளந்தால் பளபளக்கும் உலோகம் வெப்பத்தைக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

காற்றோட்டத்துக்கென்று உடம்பில் துளை போட்டால் ஐபி67 (தூசி, தண்ணீர் புகாத) பாதுகாப்பு அத்தோடு முடிந்தது. சுடும் கேமராவில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வாஷர் வழியே ஈரத்தை உறிஞ்சும். மறுநாள் காலை லென்ஸ் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருக்கும்.