சகோதர நகரம்: மேயர் வழியா, மக்கள் வழியா?

வெளிநாட்டு ஊர் ஒன்றோடு சகோதர நகர உறவு, அதாவது இரு ஊர்களும் பள்ளி, தொழில், பண்பாடு எனப் பழகிக்கொள்ளும் நட்பு ஒப்பந்தம், தொடங்க இரண்டு வழி உண்டு. மேயர்கள் பேசி, நகர மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கையெழுத்திடுவது ஒன்று. ஊர்க்காரர்கள் முதலில் பழகிவிட்டு, அப்புறம் மன்றத்தின் கதவைத் தட்டுவது இன்னொன்று.

மேயர் வழியில் வேலை வேகமாக நடக்கும். நிதி ஒதுக்கலாம், அதிகாரிகளை அனுப்பலாம், வணிகக் குழுவைக் கூடவே அழைத்துப் போகலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட நாற்காலியே உறவை முறிக்கவும் முடியும். ஜப்பானின் ஒசாகாவும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும் 1957 முதல் சகோதர நகரங்களாக இருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களின் நினைவாக, 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் சிலை வைத்தார்கள். மறு ஆண்டே ஒசாகா மேயர் உறவை முறித்துக்கொண்டார். இரு ஊர் மக்களும் பழகாமல் இருந்தார்கள் என்றில்லை. பேனா அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

மக்கள் வழிக்கு கோவென்ட்ரியைத்தான் சொல்வேன். 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்து நகரம் அது. சோவியத் நகரமான ஸ்டாலின்கிராட்டில் போர் நடந்தபோது, கோவென்ட்ரிப் பெண்கள் 830 பேர் தங்கள் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் பூத்தையலாகத் தைத்து, திரட்டிய காசோடு அங்கே அனுப்பினார்கள். 1944இல் வந்த அதிகாரப்பூர்வ உறவு அதற்குப் பிந்தியதுதான். 1959இல் இதே கோவென்ட்ரி, போரில் பிரிட்டிஷ் விமானங்களும் சேர்ந்து அழித்த ஜெர்மானிய நகரமான டிரெஸ்டனோடும் கைகோத்தது. பகைநாட்டு ஊரோடு இப்படிச் சேர, வெறும் தீர்மானம் போதாது.

இந்த வழிக்கும் குறை உண்டு. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்பவர் ஒருவர்தான் இருப்பார். அவர் வேறு ஊருக்குப் போனால் கடிதங்கள் நின்றுவிடும். காசும் எப்போதும் இழுபறிதான்.

ஸ்காட்லாந்தின் 'டல்' கிராமமும் அமெரிக்காவின் 'போரிங்' ஊரும் பெயர்ப் பொருத்தத்துக்காகவே 2012இல் ஜோடி சேர்ந்தன. சலிப்பும் சலிப்பும்! பெயர்ப்பலகைக்கு நல்ல வேடிக்கை. ஆனால் பள்ளிப் பரிமாற்றமோ தொழில் உறவோ வேண்டுமென்றால், பெயரைப் பார்த்து ஊரைத் தேடாதீர்கள்.

என் தேர்வு மக்கள் வழி, ஆனால் கொஞ்சம் மாற்றி. முதலில் 'நட்பு நகரம்' என்ற இலகுவான ஒப்பந்தம், இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டும். அதற்குள் பள்ளி ஒன்று, இசைக்குழு ஒன்று, மருத்துவமனை ஒன்று என மூன்று தனித்தனிக் கயிறுகளாவது கட்டுங்கள். சகோதர நகர ஒப்பந்தத்துக்கு மேயரை அழைப்பது, இரு பக்கத்திலிருந்தும் ஒரு தடவையாவது ஆட்கள் வந்துபோன பிறகு.