ரா டிவைஸிலிருந்து கோப்பு முறைமைக்கு: ஒரு சேவை மதிப்புரை
போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் எங்கள் நிறுவனத்தின் ஆரக்கிள் தரவுத்தளம் நெடுங்காலம் ரா டிவைஸ்களிலேயே, அதாவது இயங்குதளத்தின் கோப்பு முறைமை இல்லாமல் தரவுத்தளமே நேரடியாக எழுதும் வட்டுப் பகுதிகளிலேயே, இருந்தது. 12சி பதிப்பிலிருந்து அவற்றுக்கான ஆதரவை ஆரக்கிள் விலக்கிக்கொண்டதால், கோப்பு முறைமைக்கு மாற்றும் பணியைத் தேனியிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். தரவுத்தளம் இயங்கும்போதே ஆரக்கிளின் காப்புப்படிக் கருவியான ஆர்மேனால் தரவுக்கோப்புகளைப் படியெடுத்து, இடைப்பட்ட மாற்றங்களையும் அவற்றில் சேர்த்து, இறுதியில் மட்டும் தரவுத்தளத்தை நிறுத்திப் புதிய படிகளுக்கு மாறினார்கள். ஆகவே வணிகம் ஓய்ந்த ஓர் இரவே போதுமானதாக இருந்தது. தரவில் நிகழும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ரீடூ பதிவுகளைப் புதிதாக உருவாக்கிப் பழையவற்றை நீக்குவது எவரும் செய்வதே. ஆனால், ஒரே தரவு இயங்குதளத்தின் நினைவகத்திலும் ஆரக்கிளின் நினைவகத்திலும் இருமுறை தேங்காதபடி, நேரடி உள்ளீடு-வெளியீட்டு அமைப்பை நாங்கள் கேட்காமலேயே இயக்கிவைத்தது தேர்ந்த கையின் வேலை. செய்முறை ஆவணத்தைத் தருவதில்தான் இழுத்தடித்தார்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள எங்கள் குமுளிக் கிளையின் இணைப்பைச் சரிபார்க்கத் தனிக் கட்டணம் கேட்டதும் நியாயமாகப் படவில்லை.