வெள்ளிக்கிழமைக் குளிசை: நான்கு வருட அலென்ட்ரோனேட் பாவனை பற்றிய மதிப்பீடு

என் அம்மாவுக்கு 71 வயது. திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்ட பின்னர்தான் அவருடைய எலும்புகளின் நிலை எங்களுக்குத் தெரியவந்தது. கொழும்பில் எலும்பின் அடர்த்தியை அளக்க எடுத்த டெக்சா பரிசோதனையில் டி அளவு (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண்) -3.1 என்று வந்தது, -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதனை ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப் புரை நோய் என்று கொள்வார்கள். அப்போது தொடங்கிய 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் குளிசையைக் கிழமைக்கு ஒன்றாக நான்கு வருடங்களாக எடுத்து வருகிறார். குளிசையை மட்டும் தனியே எடுத்து மதிப்பிட என்னால் முடியவில்லை. அதை எங்களுக்கு விற்ற பாமசியையும், அண்மையில் அம்மாவின் பல்லைக் கழற்றிய பல் சிகிச்சை நிலையத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பாமசி. நான்கு குளிசைகளை ஒரு கடதாசி உறையில் போட்டு, மேலே "கிழமைக்கு 1" என்று எழுதித் தந்தார்கள். எழுதியதில் பிழையில்லை, ஆனால் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா அதனைக் காலைத் தேநீரோடு விழுங்கிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். மூன்றாம் கிழமை நெஞ்செரிவு தாங்க முடியாமற்போனது. இந்த மருந்து உணவுக்குழாயில் தங்கினால் அதன் உட்சுவரைப் புண்ணாக்கும் என்பதனால், விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய குவளை நிறைந்த வெறும் தண்ணீரோடு அதை விழுங்கி, குறைந்தது அரை மணி நேரமாவது படுக்காமலும் வேறெதுவும் உண்ணாமலும் குடியாமலும் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்று பின்னர் கிளினிக்கில் ஒரு தாதிதான் பொறுமையாக விளக்கினார். வெறும் வயிற்றில் எடுத்தாலும் நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேராத மருந்து இது. கோப்பியோடோ தோடம்பழச் சாற்றோடோ எடுத்தால் அந்தச் சொற்பத்திலும் ஏறத்தாழ 60 வீதம் குறைந்துவிடும். பாலும் கல்சியம் குளிசையும் அதைச் சேரவிடாமல் தடுப்பவையே. ஆகவே அந்த மூன்று கிழமைகளும் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது நெஞ்செரிவைத்தான்.

அதன் பிறகு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை எப்படியும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்துதான் வாயில் எதுவும் வைப்பார். குளிசையை விழுங்கிவிட்டு நடந்து போய்க் கும்பிட்டுத் திரும்பும்போது அரை மணி நேரம் தாராளமாகக் கடந்திருக்கும். நெஞ்செரிவு அதன்பின் வரவில்லை.

மருந்து செய்யும் வேலையைக் கிடுகு வேலியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். வேலி அடைப்பவர்கள் உக்கிய கிடுகை உருவி எடுத்துவிட்டே புதியதைக் கட்டுவார்கள். எலும்பிலும் ஒஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் பழைய எலும்பைச் சில கிழமைகளில் கரைத்துக் குழியாக்க, ஒஸ்டியோபிளாஸ்ட் எனப்படுபவை அக்குழியைப் புதிய எலும்பால் நிரப்ப மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இப்படியே வளர்ந்த ஒருவரின் எலும்புத் தொகுதியில் வருடத்துக்கு ஏறத்தாழ 10 வீதம் புதிதாகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் உருவுகிறவரின் கை வேகமெடுக்கிறது, கட்டுகிறவர் பின்தங்குகிறார், வேலியில் ஓட்டை விழுகிறது. அலென்ட்ரோனேட் எலும்பின் கனியப் படிகங்களில் ஒட்டியிருந்து, அதைக் கரைக்க வரும் உயிரணுவுக்குள் புகுந்து அதன் கையைக் கட்டிவிடுகிறது. ஏற்கனவே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களிடம் செய்து 1996 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், புதிய முதுகெலும்பு முறிவுகளும் இடுப்பு முறிவுகளும் மூன்று வருடங்களில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. அம்மா இந்த நான்கு வருடங்களில் இரண்டு தடவை விழுந்தார், எதுவும் முறியவில்லை. அது குளிசையின் பலனா, அம்மனின் பலனா என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடில்லை.

உருவுகிறவரின் கையைக் கட்டினால் உக்கிய கிடுகும் இருந்த இடத்திலேயே இருந்துவிடும் என்பதுதான் இந்த வைத்தியத்தின் மறுபக்கம். நாள்தோறும் மெல்லும் விசையைத் தாங்கும் தாடையில் எலும்பின் புதுப்பிப்பு வேகமாக நடக்கும்; அதை மூடியிருக்கும் முரசோ, அதாவது ஈறோ, மெல்லியது; வாயில் கிருமிகளுக்கும் குறைவில்லை. பல்லைக் கழற்றிய குழி ஆறாமல், தாடை எலும்பு எட்டுக் கிழமைகளுக்கு மேல் வெளியே தெரிந்தால், கதிர்ச் சிகிச்சை பெறாத ஒருவரில் அது இம்மருந்துகளால் வந்த தாடை எலும்பு இறப்பாக இருக்கலாம். 2003 இல் மயாமியைச் சேர்ந்த வாய் அறுவைச் சிகிச்சை நிபுணர் ரொபேர்ட் மார்க்ஸ் இதை முதலில் எழுதியபோது சொன்ன நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இவ்வகை மருந்துகளை அதிக அளவில் நாளத்தினூடாக ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புப் புரைக்காகக் குளிசை எடுப்பவர்களில் இது 10,000 பேருக்கு ஏறத்தாழ 2 முதல் 5 பேருக்குத்தான் வருகிறது. இடுப்பு முறிந்து படுக்கையில் விழும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. இதற்குப் பயந்து குளிசையை நிறுத்துவதை நான் மூடத்தனம் என்றே சொல்வேன்.

பல் சிகிச்சை நிலையம் என் மதிப்பைப் பெற்றது ஒரே கேள்வியால். படிவத்தில் அம்மா பிறஷர் குளிசையை மட்டும் எழுதியிருந்தார். கிழமைக்கு ஒன்று எடுப்பதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பல் வைத்தியர் படிவத்தோடு விடவில்லை. "எலும்புக்கு ஏதாவது குளிசையோ ஊசியோ எடுக்கிறீர்களா அம்மா? எத்தனை வருடமாக?" என்று தனியாகக் கேட்டார். எக்ஸ்ரேயில் பல் வேர் வரை பிளந்திருந்தது; காப்பாற்ற முடிந்திருந்தால் வேர்ச் சிகிச்சையே செய்திருப்பேன் என்றார். குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை, ஏனெனில் எலும்பில் சேர்ந்த மருந்து வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். சில கிழமைகள் நிறுத்தி ஆகப்போவது அதிகமில்லை. முதலில் முரசைச் சுத்தம் செய்து, ஒரு கிழமை கழித்துப் பல்லைக் கழற்றி, கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு தந்து, வெற்றிலையை நிறுத்தவைத்து, எட்டாம் கிழமை திரும்ப வரச்சொல்லிப் பார்த்தார். குழி முழுதாக மூடியிருந்தது.

எலும்புப் புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் என்னும் ஊசி போடும் எங்கள் அயல்வீட்டு மாமிக்கு அந்தப் பல் வைத்தியர் சொன்னது வேறு: அந்த மருந்து எலும்பில் தங்குவதில்லை, ஊசி பிந்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் முறியக்கூடும், ஆகவே பல் வேலைக்காக ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது, பல் வேலையைத்தான் ஊசிக்கு ஏற்ப ஒழுங்குசெய்ய வேண்டும்.

குளிசைக்கு ஐந்தில் நான்கு. ஒரு புள்ளியை அதன் காலைநேரக் கெடுபிடிக்காகக் கழிக்கிறேன். பாமசிக்கு ஒன்று. பல் சிகிச்சை நிலையத்துக்கு நாலரை. ஒன்றரை மணி நேரக் காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் எலும்பு தேய்ந்தவர்கள் வந்துபோகும் அந்த மேல்மாடிப் படிக்கட்டில் கைபிடி இல்லை. ஐந்து வருடம் முடிந்ததும் குளிசையைத் தொடர்வதா, சில காலம் நிறுத்துவதா என்று டொக்டர் மீளாய்வு செய்வார். அதற்கு முன் அம்மாவின் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை அடைக்க அடுத்த மாதம் மறுபடியும் அங்கே போகிறோம். அதற்குள் கைபிடி போட்டிருந்தால் மீதி அரைப் புள்ளியையும் கொடுத்துவிடுவேன்.